மண்டபத்தின் பின்வாசல்

உணவுச் சுழற்சியை எங்கள் ஊரில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: கல்யாண மண்டபத்திலிருந்து. வீடு வீடாகப் போய் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பாடம் நடத்துவதைவிட இது எளிது என்று சொல்லமாட்டேன். சில வகையில் கடினம். ஆனால் வாழை விவசாயி, இலை வியாபாரி, சமையல் மாஸ்டர், பரிமாறுகிறவர், சாப்பிடுகிறவர், இலை எடுக்கிறவர், நகராட்சி வண்டிக்காரர், மாடு வைத்திருப்பவர் என்று உணவைத் தொடுகிற அத்தனை பேரும் ஒரு நாளுக்குள் ஒரே காம்பவுண்டுக்குள் வந்துபோகிற இடம் ஊரில் வேறு எது இருக்கிறது? ஒருவரை ஒருவர் பார்க்காமலே போய்விடுகிறார்கள் என்பதுதான் சிக்கல்.

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் உலகம் வீணாக்கிய உணவு சுமார் 105 கோடி டன் என்கிறது. அதில் 60 விழுக்காடு வீடுகளில். உணவகம், விருந்து போன்ற உணவுச் சேவைகளில் 28 விழுக்காடு. எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட ஆய்வோ, நகரங்களின் உணவுக் கழிவிலும் மனிதக் கழிவிலும் இருக்கும் சத்துகளில் மீண்டும் பயனுக்கு வருவது 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்றது. இந்த எண்களை மண்டப மேலாளரிடம் சொல்லிப் பயனில்லை. அவருக்கு உறைக்கும் எண் வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதுதான்: மண்டபத்தில் சுழற்சி அறுந்துபோவதற்கு இயந்திரம் இல்லாதது காரணமில்லை. ஒரு பொருள் ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகிற இடத்தில்தான் அறுந்துபோகிறது. எந்தப் பாத்திரத்தில், எத்தனை மணிக்கு, யார் சொல்லி, யார் கைக்கு என்று அந்தக் கைமாற்றத்தை முன்கூட்டியே ஒழுங்கு செய்வதைத்தான் இங்கே வடிவமைப்பு என்கிறேன்.

முதலில் ஒரு முகூர்த்தம் முழுக்கப் பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு கல்யாணத்தை முதல் நாள் மாலை காய்கறி இறங்கும் நேரத்திலிருந்து மறுநாள் மண்டபம் கழுவிவிடும் வரை இருந்து பாருங்கள். வீட்டாரிடமும் மேலாளரிடமும் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். கையில் ஒரு நோட்டும், ஒரு தொங்கு தராசும் போதும்.

மூன்று இடங்களில் எடை போட வேண்டும். காய் நறுக்கிய இடத்தில் சேரும் தோலும் காம்பும் ஒன்று. இலையில் மிஞ்சி வருவது இரண்டு. பாத்திரத்தில் பரிமாறாமல் நிற்பது மூன்று. இவற்றை ஒரே கணக்காகக் கூட்டிவிடாதீர்கள். முதலாவது மாட்டுக்குப் போகத் தக்கது, மூன்றாவது மனிதர்களுக்குப் போகத் தக்கது, நடுவில் இருப்பது மண்ணுக்கு. கூட்டிச் சொன்ன எடையை வைத்து யாரும் எதையும் செய்ய முடியாது. இலையில் வருவதை மட்டும் இலை எண்ணிக்கையால் வகுத்து வையுங்கள். உதாரணத்துக்கு, 500 இலைக்கு 60 கிலோ என்றால் இலைக்கு 120 கிராம். அடுத்த கல்யாணத்தோடு ஒப்பிட அந்த ஓர் எண் போதும்.

எடையோடு கண்ணும் வேலை செய்யட்டும். இலையை மூடுவதற்கு முன் எந்தப் பதார்த்தம் தொடப்படாமலே திரும்புகிறது என்று பாருங்கள். இனிப்பா, கூட்டா, இரண்டாவது முறை வைத்த சோறா? முதல் பந்தியிலும் கடைசிப் பந்தியிலும் ஒரே மாதிரி இருக்காது.

தென் கொரியாவில் 2005-இல் உணவுக் கழிவை நேரே குப்பைமேட்டில் புதைக்கத் தடை வந்தது. 2013 முதல் கொட்டுகிற அளவுக்கு ஏற்பக் கட்டணம். பல அடுக்குமாடிகளில் தொட்டியே எடை போட்டு அந்த வீட்டுக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நமக்கு அவ்வளவு கெட்டிக்காரத் தொட்டி வேண்டாம், எடை போடும் பழக்கம் வந்தால் போதும்.

உலையில் ஏறாத அரிசி

நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைக்கு யாரும் பதில் எழுதுவதில்லை. சுற்றமும் நட்பும் என்றால் அது எத்தனை பேர் என்று பெண்ணைப் பெற்றவருக்கே தெரியாது. இதோடு சமையல் ஒப்பந்தம் பெரும்பாலும் இலைக் கணக்கில் நடக்கிறது. இலைக்கு இவ்வளவு, குறைந்தது இத்தனை இலை. வந்தவர்கள் குறைந்தாலும் அந்தக் குறைந்தபட்சப் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், சமைப்பதைக் குறைக்க இரு தரப்புக்கும் காரணமே இல்லை. இதற்கு மேல் 'பந்தியில் சோறு பத்தலைன்னு ஒரு பேச்சு வந்துடக் கூடாது' என்ற பயம். அந்தப் பயத்தைக் கேலி செய்து பயனில்லை. அது நியாயமான பயம். அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு காட்டினால்தான் வீட்டார் இறங்கிவருவார்கள்.

அந்த ஏற்பாடு இது. பேசிய இலையில் கடைசி ஐந்தில் ஒரு பங்குக்கான சமையலை முடிக்காமல் தயார் நிலையில் நிறுத்துவது. அரிசி அளந்து வைத்திருக்கும், உலை கொதித்துக்கொண்டிருக்கும், பருப்பு வெந்திருக்கும், காய் நறுக்கியிருக்கும், ஆனால் தாளிக்கவில்லை. மூன்றாவது பந்தி உட்காரும்போது மண்டபத்தில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து உலையில் போடுவதா வேண்டாமா என்று மாஸ்டர் முடிவு செய்கிறார். அனுபவமுள்ள மாஸ்டர்கள் பலர் இதை ஏற்கெனவே செய்கிறவர்கள்தான். நாம் செய்வது அந்த முடிவுக்கு ஒப்பந்தத்தில் ஓர் இடம் கொடுப்பது. உலையில் ஏறாத அரிசியும் பருப்பும் யாருக்கு? மளிகை லிஸ்ட் வாங்கி வீட்டாரே சாமான் இறக்கும் கல்யாணத்தில் கேள்வியே இல்லை, மூட்டை வீட்டுக்குத் திரும்பிவிடும். முழு காண்டிராக்டில்தான் பேச வேண்டும். சமைக்காத இலைகளுக்குச் சாமான் விலையைக் கழித்து, கூலியை மாஸ்டருக்கே விட்டுவிடுங்கள். கூலியையும் பிடித்தால் அடுத்த முறை அவர் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்தே சமைத்துவிடுவார். அதில் தப்பும் இல்லை.

பதார்த்த எண்ணிக்கையைக் குறையுங்கள் என்று கல்யாண வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். பரிமாறும் முறையைத் தொடுங்கள். ஆட்கள் உட்காரும் முன்பே இலை நிறைய வைத்துவிடும் வழக்கம் பந்தியைச் சீக்கிரம் முடிக்க வந்தது. அதில் பிடிக்காததும் விழும், சர்க்கரை உள்ளவருக்கு ஜாங்கிரியும் விழும். உப்பு, ஊறுகாய், ஓர் இனிப்பு, அப்பளம் மட்டும் முன்னால். மற்றவை ஆள் உட்கார்ந்தபின், சிறிய கரண்டியால், கேட்டு. இரண்டாம் சுற்று தாராளமாக வரட்டும். வரும் என்று தெரிந்தால்தான் முதல் சுற்றில் 'கொஞ்சமா வைங்க' என்பார்கள். இதற்குப் பந்தி ஒன்றுக்கு இரண்டு பேர் கூடுதலாகத் தேவைப்படும், சில நிமிடங்களும் கூடும். இதை வீட்டாரிடம் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் தனிக் கதை. இலைக்கு ஒரு குட்டிப் பாட்டில் வைத்தால் அதில் பாதி குடித்தும் பாதி மூடி திருகியும் கிடக்கும். எவர்சில்வர் தம்ளரும் ஜக்கும் மண்டபமே வாங்கி வைத்து வாடகைக்குக் கொடுக்கலாம். கழுவ இடமும் ஆளும் இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கழுவாத தம்ளர் என்ற புகார்தான் மிஞ்சும்.

இலை எடுக்கும் வேலை

இனி இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருகிறேன். மேசைமேல் பேப்பர் ரோல் விரிக்கிறார்கள். அதன்மேல் இலை, பாட்டில், பாயசக் கப், ஐஸ்கிரீம் கப், கரண்டி. பந்தி முடிந்ததும் இலை எடுக்கிறவர் ஒரு முனையிலிருந்து பேப்பரைச் சுருட்டிக்கொண்டே போகிறார். எல்லாம் சேர்ந்து ஒரே சுருள். அடுத்த பந்தி பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவருக்குக் கிடைக்கிற நேரம் ஐந்து நிமிடம்கூட இல்லை. மேசையைச் சீக்கிரம் காலி செய்ய இதைவிடச் சிறந்த வழி இல்லை, சுழற்சியை அறுக்கவும் இதைவிடச் சிறந்த வழி இல்லை. சுருளாகிவிட்ட குப்பையை அப்புறம் யாராலும் பிரிக்க முடியாது. பின்வாசலில் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று வரிசையாக வைத்துப் படம் ஒட்டுகிற மண்டபங்கள் தோற்பது இங்கேதான். பிரிப்பது மேசையில் நடக்க வேண்டும்.

மேசைக்கு வருவதையே குறைப்பது முதல் வேலை. ஐஸ்கிரீம், பீடா, பழம் மூன்றையும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வெளியே, கை கழுவிவிட்டு வரும் வழியில் வையுங்கள். கப்பும் குச்சியும் அங்கேயே ஒரு தொட்டியில் விழும். இதோடு மேசையில் இலை, பேப்பர், பாட்டில், பாயசக் கப் என்று நான்கே பொருள்கள். அடுத்தது வரிசை. முதல் ஆள் பாட்டிலும் கப்பும் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார். இரண்டாவது ஆள் இலையை மூடித் தொட்டியில் போடுகிறார். மூன்றாவதாகப் பேப்பர் சுருளுகிறது. ஒருவர் செய்ததை மூவர் அடுத்தடுத்து நடந்துகொண்டே செய்தால் நேரம் ஏறக்குறைய அதேதான் ஆகும். கூலி அதிகம் ஆகும்.

பேப்பர் ரோலையும் சோதியுங்கள். ஒரு துண்டைக் கிழித்து வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினால், பூச்சு உள்ளதில் மெல்லிய சவ்வு தனியே மிஞ்சும். தமிழ்நாட்டில் 1.1.2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கான தடை நடப்பில் இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் அதில் அடக்கம். சவ்வு வந்தால் அந்தக் கடைக்காரரிடம் ரோலைத் திருப்பிக் கொடுங்கள்.

தொட்டியின் அளவை யார் முடிவு செய்வது? தூக்குகிறவர். 200 லிட்டர் டிரம்மில் ஈர இலையும் சோறும் நிரம்பினால் இரண்டு பெண்களால் அசைக்க முடியாது. சாய்த்து உருட்டுவார்கள், சாம்பார் தரையெங்கும் ஓடும், அப்புறம் வழுக்கி விழுவார்கள். 60 லிட்டர் தொட்டி, இடுப்பு உயரத்துக்கு ஒரு சக்கர வண்டி. தொட்டியின் அடிப்பகுதியில் துளைகள், கீழே வடிநீர் பிடிக்க ஒரு தட்டம். வடிவது பெரும்பாலும் ரசமும் மோரும்தான். உப்பும் புளிப்பும் அதோடு போய்விடும், எடை குறையும், உரக்குழியில் நாற்றம் குறையும். அந்த நீரை மண்டபத்தின் கழிவுநீர்த் தொட்டிக்கு விடுங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள். மிலான் நகரம் 2012 இறுதியில் வீட்டு உணவுக் கழிவைத் தனியே சேகரிக்கத் தொடங்கி 2014-க்குள் நகர் முழுவதும் கொண்டுவந்தபோது, வீட்டுக்கு வீடு கொடுத்தது பத்து லிட்டர் அளவில், சுற்றிலும் காற்றுத் துளைகள் உள்ள சின்ன வாளி. துளையால் ஈரம் ஆவியாகிறது, வாடை அடங்குகிறது, வாளியைச் சமையலறையிலேயே வைத்துக்கொள்ள மனம் வருகிறது. திட்டத்தின் வெற்றியில் அந்தத் துளைகளுக்கும் பங்கு உண்டு.

எச்சில் இலையை யார் எடுப்பது என்பது நம் ஊரில் ஒருபோதும் வெறும் வேலைப் பங்கீடாக இருந்ததில்லை. சாதியும் வறுமையும் சேர்ந்து சிலர் தலையில் கட்டிய வேலை அது. அந்த வேலையைக் கொஞ்சம் சிக்கலாக்கி, 'சுற்றுச்சூழலுக்காக' என்று பெயர் வைத்து, கூலியைப் பழையபடியே விடுகிற எந்தத் திட்டத்துக்கும் நான் ஆதரவில்லை. பிரித்து எடுப்பதற்குத் தனிக் கூலி, கையுறை, சோப்புத் தண்ணீர், கடைசிப் பந்திக்கு முன் உட்கார்ந்து இலையில் சாப்பிட நேரம். இவை நான்கும் இல்லாமல் தொடங்காதீர்கள். தொட்டியை வாங்கும் முன் அவர்களிடம் கேளுங்கள். 'அக்கா, இந்த உயரம் சரியா இருக்கா?' என்று கேட்டால், உயரத்தைப் பற்றி மட்டும் பதில் வராது. பின்வாசல் படி, எரியாத விளக்கு, சீக்கிரம் வராத வண்டி எல்லாம் வரும். உங்களுக்கு வேண்டிய வரைபடம் அதுதான்.

மிஞ்சிய சாப்பாட்டுக்கு நேரம் உண்டு

பரிமாறாமல் பாத்திரத்தில் நிற்கிற உணவைப் பகிர்வதற்கு மனம் இல்லாதவர் குறைவு, நேரம் தவறுவதுதான் வழக்கம். வரவேற்பு இரவு பத்தரைக்கு முடிகிறது, அப்போது முதியோர் இல்லத்துக்குப் போன் போகிறது. அங்கே ஏழரைக்கே சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குச் செய்த சாதம் அதற்குள் வெறும் சூட்டில் நான்கு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருக்கும்.

சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், அல்லது 5 டிகிரிக்குக் கீழ் குளிராக இருக்க வேண்டும். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்ததைக் கொடுக்காதீர்கள். வெந்த சோற்றில் வளரும் ஒரு வகை பாக்டீரியா விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது. தேங்காய்ச் சட்னி, தயிர் கலந்தவை, பால் இனிப்பு, நறுக்கிய பழம் ஆகியவற்றை இரவில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். பஃபே தட்டத்தில் திறந்து வைத்தது எதுவாக இருந்தாலும் கணக்கில் இல்லை.

ஆகவே முடிவு எட்டரை மணிக்கு. அந்த நேரத்தில் சமையல் சூப்பர்வைசர் மண்டபத்தையும் பாத்திரத்தையும் பார்த்து 'இவ்வளவு மிஞ்சும்' என்று சொல்ல வேண்டும், அதை மூடி சூட்டோடு ஒதுக்க வேண்டும், எடுத்துக்கொள்கிறவருக்கு அப்போதே போன் போக வேண்டும். அந்த நேரத்தில் பெண்ணின் அப்பாவைத் தேடிப் பிடித்து அனுமதி கேட்க முடியாது, அவர் மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பார். எனவே மண்டபம் பதிவு செய்யும் படிவத்திலேயே ஒரு வரி: பரிமாறாத உணவை மண்டபம் பகிர்ந்துகொடுக்க வீட்டார் சம்மதிக்கிறார்கள். உணவு அவர்கள் சொத்து, சம்மதம் இல்லாமல் எடுத்தால் நல்ல காரியமும் சண்டையாகும்.

இரவில் யாருக்குப் பசி இருக்கும்? அரசு மருத்துவமனை வாசலில் நோயாளிகளுக்குத் துணைக்கு வந்து படுத்திருப்பவர்கள், பேருந்து நிலையம், நகராட்சியின் வீடற்றோர் விடுதி. காலை டிபனும் மதியச் சாப்பாடும் மிஞ்சினால் வேலை எளிது, பகலில் எடுத்துக்கொள்ள இடங்கள் பல. இந்த வேலையை முழுநேரமாகச் செய்கிற அமைப்புகள் உண்டு. 2014-இல் கோவையில் தொடங்கிய 'நோ ஃபுட் வேஸ்ட்' அவற்றில் ஒன்று. மிஞ்சிய உணவைப் பகிர்வதற்கென்றே உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் தனி ஒழுங்குமுறை கொண்டுவந்திருக்கிறது. பதார்த்தத்தின் பெயர், சமைத்த நேரம், கைமாறிய நேரம், கொடுத்தவர், வாங்கியவர் என்று ஐந்து விவரங்களைப் பாத்திரத்தின் மேல் ஒட்டுங்கள். தெரியாத ஆள் ஆட்டோ கொண்டுவந்து கேட்டால் கொடுக்காதீர்கள்.

பொரித்த எண்ணெயைப் பற்றி இரண்டு வரி. அதை அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோக விடாதீர்கள், சாக்கடையிலும் கொட்ட விடாதீர்கள். பயோடீசலுக்காக வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், கேனில் சேர்த்து விற்கலாம்.

மாடு, பன்றி, வாயு, உரம்

இலையில் மிஞ்சியதை மாட்டுக்குப் போடுவது புண்ணியம் என்று நினைக்கிறோம். கால்நடை மருத்துவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெந்த சோற்றை மாடு நிறையத் தின்றால் வயிற்றில் அமிலம் பெருகிப் படுத்துவிடும், உயிரே போகலாம். பொங்கல் சமயத்தில் அவர்கள் அடிக்கடிப் பார்க்கிற நோய் இது. காய்கறித் தோல், கோஸ் இலை, வாழைத்தண்டின் பட்டை, எச்சில் படாத இலை ஆகியவற்றை மட்டும் மாட்டுக்காரருக்குக் கொடுங்கள். நறுக்கும் இடத்திலேயே சாக்கில் கட்டி, காலை ஏழு மணிக்குள். பன்றிப் பண்ணைக்காரர்கள் சோற்றை விரும்பி எடுப்பார்கள். 2020-இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உணவுக் கழிவு வழியாகவும் பரவக் கூடியது. கொதிக்கவைத்துத்தான் போடுவேன் என்பவருக்கு, அதற்கான அண்டாவையும் அடுப்பையும் நேரில் பார்த்தபின் கொடுக்கலாம். அசைவ விருந்தின் மிச்சத்தைக் கொடுக்கவே வேண்டாம்.

அடுத்து, சாண எரிவாயுக் கலன் மாதிரி ஒன்று வைத்துவிடலாம் என்று யாராவது ஒரு விற்பனையாளர் வருவார். கணக்கு கவர்ச்சியாகத்தான் இருக்கும்: 100 கிலோ உணவுக் கழிவு ஏறக்குறைய 10 கன மீட்டர் வாயு, அது நான்கு கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம். அவர் பார்க்க மறந்தது மண்டபச் சுவரில் தொங்கும் நாள்காட்டியை. கலனுக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்குத் தினமும் ஏறக்குறைய ஒரே அளவு தீனி வேண்டும். மண்டபத்திலோ வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் அடுத்தடுத்து முகூர்த்தம், ஆடியிலும் மார்கழியிலும் பூட்டு. ஒரே நாளில் 300 கிலோ சோறு விழுந்தால் கலன் புளித்து வாயு நின்றுபோகும், ஒரு மாதம் எதுவும் விழாவிட்டால் பட்டினியால் படுத்துவிடும். பல மண்டபங்களின் பின்னால் துருப்பிடித்து நிற்கும் கலன்களின் கதை இதுதான் என்பது என் கணிப்பு. தினமும் கழிவு தரும் காய்கறிச் சந்தையோ மாணவர் விடுதியோ பக்கத்தில் இருந்து, அவர்களுடைய கலனுக்கு நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம் என்றால் யோசியுங்கள். இந்தூரில் 2022-இல் திறந்த, நாளுக்கு 550 டன் கையாளும் பெரிய ஆலையின் பலமும் வீட்டுக்கு வீடு பிரித்து வாங்கும் பழக்கம்தான். ஆலை அந்தப் பழக்கத்துக்குப் பிறகு வந்தது.

ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது உரக்குவியல். நான்கடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்துக்குக் காற்று புகும்படி மூன்று அறைகள். இலையை அரிவாளால் இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக நறுக்குங்கள், நடுநரம்பு மக்கத் தாமதமாகும். ஈரக் கழிவு ஒரு பங்குக்குக் கொள்ளளவில் இரண்டு பங்கு சருகோ, மரத்தூளோ, தென்னை நார்க்கழிவோ. நார்க்கழிவில் கார்பன் மிக அதிகம், அதை மட்டுமே போட்டால் குவியல் சூடேறாமல் கிடக்கும், சருகோடு கலந்துகொள்ளுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் சருகு, வராவிட்டால் தண்ணீர். உள்ளே 55 டிகிரிக்கு மேல் மூன்று நாளாவது நிற்கட்டும், பிறகு வாரம் ஒருமுறை புரட்டுங்கள். இரண்டரை, மூன்று மாதத்தில் ஆகிவிடும். இடமில்லாத மண்டபம், நகராட்சியின் நுண் உர மையத்தோடு நாள் பேசிக்கொள்ளலாம். 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே, உரிமம் பெறாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவித்து, பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லின. இன்றைக்கு நடப்பில் உள்ள விதியைச் சுகாதார ஆய்வாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எப்படியும் அவரிடம் பேச ஒரு காரணம் வேண்டும்.

இலை வண்டி காலியாகத் திரும்புகிறது

உரத்தை யாரிடம் கொடுப்பது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். பதில் விடியற்காலை மண்டபத்துக்கே வந்துபோகிறது. இலைக்கட்டு ஏற்றிவரும் வண்டி, இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்புகிறது. ஸ்ரீவைகுண்டம் பக்கமோ, திருவையாறு பக்கமோ, தொண்டாமுத்தூரோ, அந்த வண்டி போகும் இடத்தில் இலைக்காகவே பூவன் வாழை போட்டவர் ஒருவர் இருக்கிறார். வாழை சாம்பல் சத்தை நிறைய இழுக்கும் பயிர். இலையை அறுத்து அறுத்து ஊருக்கு அனுப்பும்போது தோட்டத்தின் பொட்டாசியமும் ஊருக்கு வந்துவிடுகிறது. அதைத் திருப்பி அனுப்ப வண்டி வாடகையில் பெரும்பகுதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

இரண்டு எச்சரிக்கைகள். எச்சில் இலையை அப்படியே தோட்டத்துக்கு ஏற்றாதீர்கள். இலைப்புள்ளி நோயின் வித்துகள் காய்ந்த இலையிலும் இருக்கும், குவியலில் வெந்து மக்கிய உரம் மட்டுமே போகட்டும். அதுவும் கட்டிய சாக்கில், அடுத்த நாள் இலை வைக்கும் பலகையைத் தொடாமல். இன்னொன்று, விவசாயி முதல் சாக்கைக் கையால் துழாவிப் பார்ப்பார். பல்குச்சி, பாட்டில் மூடி, ஜிகினாத் தாள் என்று ஏதாவது ஒன்று தட்டுப்பட்டால் இரண்டாவது சாக்கை வாங்கமாட்டார். சலிக்காமல் அனுப்பாதீர்கள். பையில் பெயர் அச்சிட்டு விற்கிற எண்ணம் வந்தால், 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தர அளவுகள் குறுக்கே வரும். தெரிந்த தோட்டத்துக்குக் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

பணம் எங்கிருந்து வரும்

மேலாளருக்கு உறைக்கும் எண்ணைப் பிறகு சொல்கிறேன் என்றேன். உர விற்பனையில் லாபம் வரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வராது. சலித்த உரத்தின் விலை சலித்தவர் கூலிக்குச் சரியாக இருந்தால் அதிர்ஷ்டம். பணம் மூன்று இடத்தில் இருக்கிறது. உலையில் ஏறாத அரிசியில், அது வீட்டாருடையது. குப்பை அள்ளத் தனியாருக்குக் கொடுக்கும் லோடு வாடகையில், அது மண்டபத்துடையது. மூன்றாவது, பல மண்டபங்கள் ரசீதில் ஏற்கெனவே போடுகிற துப்புரவுக் கட்டணத்தில். லோடு குறைவதால் மிஞ்சுவதை மேலாளரிடம் காட்டுங்கள். அது இலை எடுக்கிறவர்களின் கூடுதல் கூலியாகப் போகும் என்பதையும் அதே மூச்சில் சொல்லி எழுதி வாங்குங்கள்.

கூட்டம் போட வேண்டும். மண்டப மேலாளர், வழக்கமாக வரும் இரண்டு சமையல் காண்டிராக்டர்கள், இலை எடுக்கும் குழுவின் தலைவி, நகராட்சி மேற்பார்வையாளர், இலை வியாபாரி, உணவு எடுத்துச்செல்லும் அமைப்பின் ஒருவர். ஏசி அறையில் வேண்டாம், பின்வாசலில் நின்றுகொண்டே பேசுங்கள். அங்கே நின்றால் சீக்கிரம் முடியும், யார் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று காட்டவும் முடியும். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் ஒரு பெயரும் ஒரு மணியும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஏழு மணி, காய்த்தோல், மாட்டுக்காரர். எட்டரை மணி, மிஞ்சிய சாப்பாடு, சூப்பர்வைசர். பெயர் இல்லாத வரி அந்தத் தாளில் இருக்கக் கூடாது. 'எல்லாரும் பார்த்துக்குவோம்' என்று ஒருவர் சொன்னால், அவர் பெயரையே எழுதிவிடுங்கள்.

முதல் இரண்டு மூன்று முகூர்த்தங்களில் இலையைப் பிரிப்பதை மட்டும் செய்யுங்கள். அது கைவந்தபின் உரம், அதற்கப்புறம் சமையல் ஒப்பந்தம். எல்லாவற்றையும் ஒரே கல்யாணத்தில் தொடங்கினால் குழப்பம் வரும், கல்யாண வீட்டில் குழப்பத்துக்கு மன்னிப்புக் கிடையாது. ஆடி வந்ததும் பெரும்பாலான மண்டபங்கள் காலியாக இருக்கும். மூன்று அறைகளையும் காலி செய்து சலிப்பதற்கும், உடைந்த சக்கரத்தை மாற்றுவதற்கும், எடை நோட்டை எல்லோருக்கும் படித்துக் காட்டிக் கூலி பாக்கியைத் தீர்ப்பதற்கும் அதுதான் காலம். ஆவணி முகூர்த்தத்துக்குப் பதிவு செய்ய ஆட்கள் ஆடியிலேயே வந்துவிடுவார்கள் என்பதால், சம்மத வரி சேர்த்த புதுப் படிவத்தை ஆனி கடைசிக்குள் அச்சடித்து மேலாளர் மேசையில் வைத்துவிடுங்கள்.